நாலாவது நிமிடம் பன்னிரண்டாவது விநாடி: அது உயிரா, மயிரா?

கெடிலக்கரையான் (இரவு 9:14)
நேற்று லீவில் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது 'லாஸ்பேட்டை அம்மா' ஒரு முத்தை உதிர்த்திருந்தார். "கேமிங் பிராங்க் வீடியோவில் ரத்தம் கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, பிள்ளைகளைத் தைரியமாகப் பார்க்க விடலாம்" என்று. மாதிரிக்கு ஒரு வீடியோவும் கொடுத்திருந்தார். மைன்கிராஃப்ட் என்று சதுரக் கட்டைகளை அடுக்கிக் கட்டுகிற வீடியோ கேம் இருக்கிறதே, அதில் நண்பன் மூன்று மாதமாகக் கட்டிய வீட்டுக்கு அடியில் டிஎன்டி வெடியை நிரப்பி, வாசலில் பிரஷர் பிளேட் வைத்து, அவன் கால் வைத்ததும் வெடிக்க விடுகிற வீடியோ. பதினெட்டு நிமிடம். சோறு ஆறிப் போனாலும் பரவாயில்லை என்று முழுவதும் பார்த்தேன். நாலாவது நிமிடம் பன்னிரண்டாவது விநாடியில் வீட்டைப் பறிகொடுத்தவன் "மயிரு போச்சுடா" என்று கத்துகிறானே, அது என்ன தேவாரமா? கெட்ட வார்த்தை கிடையாதாம்!

லாஸ்பேட்டை அம்மா (9:31)
சார், அவன் சொல்வது "உயிரு போச்சுடா". மூன்று மாதம் கட்டிய வீடு போனால் யாருக்கும் உயிர் போகத்தான் செய்யும். மகளோடு உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், எனக்கு அப்படிக் கேட்கவில்லை. மைன்கிராஃப்டுக்கு ஐரோப்பாவில் கொடுத்த வயது முத்திரை பெகி 7. அதாவது ஏழு வயது போதும். அமெரிக்காவில் பத்து. என் மகளுக்குப் பதினொன்று. போதாததற்கு, அந்த வீடியோவே யூடியூபில் குழந்தைகளுக்கானது என்று குறி போட்டது. அதனால் கீழே கமெண்ட் பெட்டியே இருக்காது, போய்ப் பாருங்கள்.

கெடிலக்கரையான் (9:40)
மயிரு. வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஹெட்போன் மாட்டி நான்கு தடவை கேட்டேன். மயிரு.

பெகி 7 என்பது விளையாட்டுக்குக் கொடுத்த மார்க். அதை ஆடிக்கொண்டே ஒருவன் வாயில் வருவதற்கு யாரும் மார்க் போடவில்லை. ஆன்லைனில் ஆட்கள் பேசிக்கொள்வது எங்கள் கணக்கில் வராது என்று அமெரிக்கக்காரனே முத்திரையோடு சேர்த்து எழுதிவைத்திருக்கிறான். அப்புறம் அந்தக் குழந்தைக் குறி. அதை யார் போடுவது தெரியுமா மேடம்? வீடியோ ஏற்றுகிறவனே போட்டுக்கொள்வது. நம் மீன் மார்க்கெட்டில் எந்தக் கடைக்காரர் தன் மீனைப் பழசு என்று சொல்லியிருக்கிறார்? பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டியதற்காக 2019-ல் யூடியூபும் கூகுளும் 17 கோடி டாலர் அபராதம் ஒப்புக்கொண்டன. அதற்குப் பிறகு, 2020 ஜனவரியில் கட்டாயமானது அந்தக் குறி. பிள்ளைகளின் விவரத்தை வைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்பதற்காக வந்தது அது. ஒழுக்கச் சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முள்ளோடை முனை (9:52)
கடலூர்க்காரர் மீன் மார்க்கெட்டை இழுத்துவிட்டார், இனி விடிந்த மாதிரிதான். அண்ணே, போன வருடம் சங்கரா மீன் குழம்பில் மாங்காய் போடலாமா கூடாதா என்று மூன்று நாள் உட்கார்ந்து சண்டை போட்டவர்தானே நீங்கள்? அதுவே இன்னும் தீரவில்லை.

கெடிலக்கரையான் (9:55)
மாங்காய் போடலாம். அதில் சண்டையே இல்லை, உங்களுக்குத்தான் சமையல் தெரியாது. பெட்ரோல் மலிவு என்பதைத் தவிர பெருமைப்பட ஒன்றும் இல்லாத பாண்டிச்சேரியிலிருந்து வந்து எனக்கு மீன் குழம்பு சொல்லித் தர வேண்டாம்.

முள்ளோடை முனை (9:57)
அந்தப் பெட்ரோலுக்குத்தானே ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டி வாரம் ஒருமுறை வருகிறீர்கள். வந்து போடுங்கள், வேண்டாம் என்றா சொன்னோம்.

கிரீப்பர் தம்பி (10:08)
பெரியவர்களே, ஒரு நிமிடம். நான் எட்டு வருடமாக மைன்கிராஃப்ட் ஆடுகிறேன். அந்த வீடியோ முழுக்க செட்டப். ஒரு டிஎன்டி செய்ய ஐந்து வெடிமருந்தும் நான்கு மணலும் வேண்டும். வீட்டுக்கு அடியில் அவர்கள் அடுக்கியதை எண்ணினேன், 64-க்குக் குறையாது. 320 வெடிமருந்து! விளையாட்டில் வரும் கிரீப்பர் என்ற பிராணி ஒன்றைக் கொன்றால் சாதாரணமாக அதிகபட்சம் இரண்டு வெடிமருந்து கிடைக்கும், சில நேரம் ஒன்றுமே கிடைக்காது. நண்பன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் இத்தனையும் சேர்த்துவிட்டோம் என்கிறார்கள். நடக்கிற கதையா? எல்லாப் பொருளும் சும்மா கிடைக்கிற கிரியேட்டிவ் மோடில் ஆடியிருக்கிறார்கள். வெடிப்பதற்கு முன்பே அந்த உலகத்தை காப்பி எடுத்தும் வைத்திருப்பார்கள். வீடு எங்கேயும் போகவில்லை. அவன் அழுவது நடிப்பு. நடிப்பில் எதற்கு மயிரு வரப்போகிறது?

கெடிலக்கரையான் (10:15)
தம்பி நல்ல பாயிண்ட் சொன்னாய், ஆனால் தலைகீழாகச் சொல்லிவிட்டாய். நடிப்பு என்றால் யோசித்து, வேண்டும் என்றே அந்த வார்த்தையை வைத்திருக்கிறான். ஆத்திரத்தில் வந்தால்கூட மன்னிக்கலாம்.

லாஸ்பேட்டை அம்மா (10:19)
உயிரு என்று சொன்னவனை எதற்கு மன்னிக்க வேண்டும்?

கெடிலக்கரையான் (10:34)
மயிரு. சரி, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று தெரியட்டும். என் பையன் ஐந்தாம் வகுப்பு. இரண்டு வாரம் இதே மாதிரி வீடியோக்களைப் பார்த்தான். ஒரு நாள் காலையில் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக, பதினொன்று, கோபுரம் மாதிரி அடுக்கி, அடி டம்ளரில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டு, என் செல்போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்திருக்கிறான். அம்மாவுக்கு 72 வயது. பால் பாத்திரத்தோடு கதவைத் தள்ளினார். அத்தனை டம்ளரும் சிமெண்ட் தரையில் விழுந்த சத்தத்தில் பாலைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். காலில் கொதி பால் படாமல் போனது எங்கள் பாடலீசுவரர் புண்ணியம். இவன் மேசைக்கு அடியில் இருந்து எழுந்து என்ன சொன்னான் தெரியுமா? "ஆச்சி, இட்ஸ் எ பிராங்க், சப்ஸ்கிரைப் பண்ணுங்க." அந்த செல்போனில் பதிவானதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை, அது வேறு விஷயம்.

வெள்ளிக் கடற்கரை (10:41)
சிரிக்கக் கூடாதுதான். சிரித்துவிட்டேன். ஆச்சி நலமா?

கெடிலக்கரையான் (10:43)
நலம். அவரே மறுநாள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தார். அதற்காக அது சரியாகிவிடாது.

லாஸ்பேட்டை அம்மா (10:50)
உங்கள் பையன் நூல் கட்டியதற்கு என் வீடியோ என்ன செய்யும் சார்? நாங்கள் சின்ன வயதில் நாற்காலியில் மை ஊற்றவில்லையா, சட்டை முதுகில் தாள் ஒட்டவில்லையா? அப்போது யூடியூபா இருந்தது? ஆபத்தான பிராங்க்கும், குழந்தைகளை மனம் நோகவைக்கிற பிராங்க்கும் கூடாது என்று 2019 ஜனவரியிலேயே யூடியூப் விதியைத் தெளிவாக்கிவிட்டது. டிஎன்டி திரைக்குள் வெடிக்கிறது, யாருக்கும் காயம் இல்லை. பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க நேரமில்லாதவர்கள்தான் வீடியோ மேல் பழி போடுவார்கள்.

கெடிலக்கரையான் (10:52)
நேரமில்லாதவனா? நாலு பன்னிரண்டை இதுவரை பதினாறு தடவை கேட்டவனைப் பார்த்தா?

ஓ.டி. வாத்தியார் (11:05)
இரவு வணக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் நடத்திவிட்டு ஓய்வில் இருப்பவன். முதலில், மயிர் கெட்ட வார்த்தை என்று யார் சொன்னது? திருக்குறளில் மானம் என்ற அதிகாரத்திலேயே இரண்டு இடத்தில் வருகிறது, 964-லும் 969-லும். வள்ளுவர் பிள்ளைகளுக்கு ஆகாதவரா?

கெடிலக்கரையான் (11:09)
வாத்தியாரே, 964-ல் அவர் அந்தச் சொல்லை எதற்கு எடுத்திருக்கிறார்? தலையிலிருந்து உதிர்ந்து விழுந்த மயிருக்குச் சமம் என்று ஆளை மட்டம் தட்டத்தானே? ஆக அது திட்டு என்று வள்ளுவருக்கே தெரிந்திருக்கிறது. வகுப்பில் ஒரு பையன் எழுந்து உங்களிடம் "போங்க மயிரு" என்றால் குறள் எண் கேட்பீர்களா, பிரம்பை எடுப்பீர்களா?

முள்ளோடை முனை (11:12)
969 அந்தக் கவரிமான் குறள்தானே? மயிர் போனால் உயிரை விடும் மான். பாருங்கள், மயிரும் உயிரும் ஒரே குறளில் இருக்கிறது. இரண்டு பேரும் வென்றதாக வைத்துக்கொண்டு போய்ப் படுங்கள்.

ஓ.டி. வாத்தியார் (11:18)
மான் அல்ல ஐயா, கவரிமா. மா என்றால் விலங்கு. இமயத்தில் இருக்கும் சடைமாடு அது. புறநானூற்றுப் புலவரும் கவரியை இமயத்தில்தான் மேயவிடுகிறார். பேச்சுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் மான் மான் என்று சொல்லியே கெடுத்துவிட்டார்கள். இதை நான் சொல்லி வாய் வலித்துவிட்டது.

முள்ளோடை முனை (11:20)
எங்கள் பள்ளியில் மான் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதி மார்க்கும் வாங்கினேன்.

ஓ.டி. வாத்தியார் (11:21)
மார்க் கொடுத்தவரும் உங்களைப் போலத்தான்.

வெள்ளிக் கடற்கரை (11:26)
மாட்டை விடுங்கள். என் கேள்வி வேறு. எந்த வயதுப் பிள்ளைக்கு என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லையே? என் அண்ணன் மகளுக்கு ஆறு வயது. அவள் அண்ணன் இந்த மாதிரி வீடியோ பார்த்துவிட்டு, அவள் டேப்லெட்டில் கட்டிவைத்திருந்த முயல் வீட்டின் மேல் லாவாவைக் கொட்டினான். அவளுக்கு காப்பி எடுக்கவெல்லாம் தெரியாது. இரண்டு வேளை தோசையைத் தொடவில்லை. முயலுக்குப் பெயரெல்லாம் வைத்திருந்தாள். அதில் கெட்ட வார்த்தையே இல்லை.

கிரீப்பர் தம்பி (11:29)
வீட்டை மரத்தில் கட்டியிருப்பாள். கல்லில் கட்டியிருந்தால் லாவாவுக்கு எரிந்திருக்காது அக்கா.

கெடிலக்கரையான் (11:33)
பாவம் அந்தப் பிள்ளை. ஆனால் பேச்சை மாற்ற வேண்டாம். கெட்ட வார்த்தை இல்லை என்று சொன்னது தவறு என்று லாஸ்பேட்டை அம்மா ஒரு வரி எழுதட்டும், நான் போய்ப் படுக்கிறேன். 2021 ஜூனில் பப்ஜி ஆடிக்கொண்டே வாய்க்கு வந்தபடி பேசிய யூடியூபரைத் தர்மபுரியில் பிடித்தார்களே, அப்போது மட்டும் ஐயோ பிள்ளைகள் கெட்டுப்போச்சு என்று எல்லாரும் கத்தினீர்கள். இப்போது சதுர சதுரமாகப் பொம்மை வந்ததும் காது அடைத்துக்கொள்கிறதா?

லாஸ்பேட்டை அம்மா (11:38)
அந்த ஆள் பேசியதும் இதுவும் ஒன்றா? இதற்கு மேல் உங்களிடம் பேச எனக்குத் தெம்பில்லை. உயிரு. உயிரு. உயிரு. தானே புயல் கரையைக் கடந்தபோது வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் நம் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் வாசலில் பல்லாங்குழி ஆடினார்கள் என்று போன மாதம் நீங்கள் எழுதியது ஞாபகம் இருக்கிறது. அந்த ஏக்கம்தான் உங்களுக்கு, வேறொன்றும் இல்லை.

கெடிலக்கரையான் (11:41)
பல்லாங்குழியில் யாரும் மயிரு என்று சொல்லவில்லை.

வெள்ளிக் கடற்கரை (11:43)
எங்கள் தெருவில் சொன்னார்கள் சார்.

கிரீப்பர் தம்பி (11:47)
இத்தனை பேர் காதும் பழுதாக இருக்கலாம். கடலூர் அண்ணே, உங்கள் பையனையே கேட்கச் சொல்லுங்களேன்? சின்னப் பிள்ளைகளுக்குத்தான் காது கூர்மை.

கெடிலக்கரையான் (11:58)
இந்த நேரத்திலும் தூங்காமல்தான் இருந்தான், அதை நாளைக்குக் கவனிக்கிறேன். ஹெட்போனைக் கொடுத்தேன். ஒரே தடவைதான் கேட்டான். "வயிறு போச்சுடா" என்கிறான்.

ஓ.டி. வாத்தியார் (நள்ளிரவு 12:04)
வாய்ப்பே இல்லை. உயிர், மயிர் இரண்டும் இடையின ரகரம், வயிறு வல்லின றகரம். நாக்கு போகிற இடமே வேறு.

முள்ளோடை முனை (12:06)
வாத்தியாரே, இந்தக் காலத்தில் எவன் நாக்கு ரகரத்துக்கும் றகரத்துக்கும் இடம் மாறிப் போகிறது?

லாஸ்பேட்டை அம்மா (12:07)
பையனே மயிரு இல்லை என்று சொல்லிவிட்டான். இன்னும் என்ன?

கெடிலக்கரையான் (12:09)
செல்போன் கையை விட்டுப் போய்விடும் என்ற பயத்தில் சொல்கிறான். கேட்டதும் சிரித்தான் மேடம். வயிறு என்ற சொல்லுக்கு எந்தப் பையன் அப்படிச் சிரிப்பான்? மயிரு. காலையில் அம்மாவை எழுப்பிக் கேட்கிறேன்.