ஸ்டீயரிங் ராக் புஷ்: ராக்கைக் கழற்றாமல் மாற்ற முடியுமா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். பழைய கார், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். (ராக் என்பது ஸ்டீயரிங் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றி முன்சக்கரங்களைத் திருப்பும் பாகம்; அதை வண்டியோடு பிடித்திருக்கும் மெத்தை வளையம்தான் புஷ்.) ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. மெதுவாகப் போகும்போது ஒடித்தால் கீழே 'டொக்' என்று சத்தம்.

சக்கரப் பக்க மூட்டுகளான டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட் எல்லாம் ஆட்டிப் பார்த்தாச்சு, ப்ளே (தளர்வு) இல்லை. சக்கரம் தரையில் இருக்க, இன்ஜினை ஓடவிட்டு, தம்பியை ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பச் சொன்னேன். ராக் முழுசாகவே பக்கவாட்டில் நகருகிறது! டிரைவர் பக்க புஷ் ரப்பர் வெடித்து, ஆயிலில் ஊறிக் களி மாதிரி கிடக்கிறது. ஆயில் மேலே இன்ஜினிலிருந்து சொட்டியது. ராக்கில் கசிவு இல்லை. அதனால் 'ராக்கையே மாத்திடுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கிளாம்ப் போட்ட பக்கம் பிரச்சினையில்லை, நட்டைக் கழற்றினால் வந்துவிடும். டிரைவர் பக்கப் புஷ்தான் இரும்பு ஸ்லீவோடு (உறையோடு) ராக் ஹவுசிங்கில் அழுத்தி ஏற்றியது. ராக் உட்கார்ந்திருக்கும் அடிச்சட்டமான சப்ஃப்ரேமைக் கொஞ்சம் இறக்கி, நீளமான போல்ட், வாஷர், சாக்கெட் வைத்து இழுத்தே எடுத்தவர்கள் யாராவது உண்டா? ஹவுசிங் அலுமினியம், சுத்தியல் எடுக்கப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று, புது புஷ் ரப்பரா, அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேனா? பாலி அதிகம் உழைக்கும், ஆனால் ரோட்டு அதிர்வெல்லாம் கைக்கு வரும் என்கிறார்கள். தினமும் ஓட்டும் வண்டிக்கு ரப்பரே போதும் என்பது என் எண்ணம். போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டீயரிங் ஷாஃப்டைப் பிரிக்க வேண்டி வந்தால் மார்க் போட்டு, ஸ்டீயரிங் சுழலாமல் கட்டிவிடுவேன். சுழன்றுவிட்டால் ஏர்பேக் கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் வயர்) அறுந்துவிடலாம்; அது தனித் தலைவலி.