சித்தப்பாவின் தேர்தல் செலவுக் கணக்கை நான் எழுதலாமா?

கேள்வி – மாங்கூழ் ஆலைக் கணக்கர், காவேரிப்பட்டினம்

மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஊராட்சித் தேர்தல் எப்போது அறிவித்தாலும் தலைவர் பதவிக்கு நிற்பதாகச் சித்தப்பா சொல்லிவிட்டார். 2025 ஜனவரி 5-ஓடு பழைய தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்துவிட்டார். தெருவிளக்கு எரியாவிட்டால் கேட்க ஊரில் ஒரு ஆள் இல்லை. அதனால் அவர் நிற்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

"நீதான் படிச்சவன், செலவுக் கணக்கை நீயே பாத்துக்க" என்கிறார். 2019 தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு உச்சவரம்பு 34,000 ரூபாய். அந்தத் தேர்தலில் எங்கள் ஊரில் ஓடியது என்ன என்று எல்லாருக்கும் தெரியும். பெங்களூரில் கட்டட வேலை செய்பவர்களை ஏற்றி வர வேன், ராத்திரி பிரியாணி, கடைசி நாள் கவர். மேலத்தெருவில் வீட்டுக்கு ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு.

இப்போது ஒரு கல் குவாரிக்காரர், "மொத்தச் செலவும் என் பொறுப்பு, ஜெயிச்சதும் பேசிக்கலாம்" என்றாராம். சித்தப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போஸ்டர், ஆட்டோ, மைக் செட் என்று வரம்புக்குள் எழுதிக் கொடு என்கிறார். எழுதலாமா? மாட்டினால் யார் மாட்டுவது?

ஓய்வு பெற்ற ஊராட்சி செயலர், பாலக்கோடு

தம்பி, எழுதாதீங்க.

முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்காவிட்டால் 3 வருஷம் போட்டியிட முடியாமல் போகும். அதற்குப் பயந்து எதையாவது எழுதி நீட்டிவிடுகிறார்கள். நான் பார்த்த கணக்குகளில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் டீச் செலவு ஒரே தொகை, கையெழுத்தும் ஒரே ஆளுடையது.

ஓட்டுக்குக் கொடுக்கும் காசு எந்த உச்சவரம்பிலும் அடங்காது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173 பிரிவுகளின்படி கொடுப்பவர், வாங்குபவர் இருவர் மேலும் குற்றம். ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சாப்பாடு, தண்ணி மட்டும் என்றால் அபராதம்.

ஆனால் எனக்குக் கவரைவிடக் குவாரிக்காரர்தான் உறுத்துகிறார். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. கட்சி நேரடியாகச் செலவு செய்யாத இடத்தில் இந்த மாதிரி ஆட்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

முன்னாள் வார்டு உறுப்பினர், பென்னாகரம்

அவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பது எங்களைப் போன்ற வார்டு உறுப்பினர்கள். அதனால் ஜெயித்த மறுநாளே எங்கள் வீட்டு வாசலுக்கும் காசு வந்தது. நான் திருப்பி அனுப்பினேன். வாங்கியவர்கள் அப்புறம் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை.

கிராம சபையில் பெண்கள் எழுந்து, லாரி போய்ப் போய் ரோடு குழியாகிவிட்டது, தூசியில் தக்காளிச் செடி வெளுத்துப் போச்சு என்று கேட்டார்கள். தலைவர் தீர்மான நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பின்னால் லாரி முதலாளியின் ஆள் நின்றிருந்தான். அந்தக் கேள்வி தீர்மானத்தில் ஏறவே இல்லை.

உங்க சித்தப்பா நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் காசில் ஜெயித்தால் அவரும் நோட்டைத்தான் புரட்டுவார்.

வழக்கறிஞர், தருமபுரி

யார் மாட்டுவது என்று கேட்டீர்கள். கணக்குக்குப் பொறுப்பு வேட்பாளர். ஆனால் பொய் என்று தெரிந்தே பில் தயாரித்தால் உங்களையும் இழுப்பார்கள். தோற்றவர் 45 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். ஜெயித்த பதவியே போகலாம்.

ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறது. தேர்தலுக்கென்று தனி நோட்டு, அன்றன்றைக்கு வரவும் செலவும், ஒவ்வொன்றுக்கும் ரசீது. யார் கொடுத்த பணம் என்பதையும் எழுதுங்கள். தாக்கலான கணக்கின் நகலை, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி எதிர்த்தரப்பு கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணே, நன்றிங்க அக்கா, நன்றி வக்கீல் சார். நேற்று ராத்திரி சித்தப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அப்போ நான் தோத்துத்தான் போகணும்ங்கிறியா?" என்று கோபப்பட்டார். சித்திதான், "குவாரிக்காரன் காசுல ஜெயிச்சா தலைவர் நீயா, அவனா?" என்று கேட்டார். சித்தப்பா முடிவு இன்னும் சொல்லவில்லை. குவாரிப் பணம் வேண்டாம் என்று அவரே போய்ச் சொன்னால் நோட்டு நான் போடுகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.