பல ஆண்டு கிடப்பில் இருந்த அம்பாசடர் எஞ்சின்: முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் ஏற்றுவது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாரின் 1978ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 3 காரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை ரீபோர் செய்து (சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி), கிராங்க் அரைத்து, பேரிங், பிஸ்டன், ரிங், கேம்ஷாப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு), டேப்பெட் (கேம்ஷாப்ட் தள்ளும் சிறு உருளை) எல்லாம் புதிதாகப் போட்டு முடித்த பிறகு, பாடி வேலை இழுத்துக்கொண்டே போனதால் நான்கு ஆண்டுகளாக அது ஒருமுறைகூட ஓடாமல் கிடந்தது. இப்போதுதான் காரில் ஏற்றியிருக்கிறோம். செல்ஃப் அடித்தாலே ஆயில் தானாக ஏறிவிடும் என்கிறார் உள்ளூர் மெக்கானிக். இணையக் காணொளிகளிலோ, டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் பாகம்) கழற்றி, அந்தத் துளை வழியாக டிரில் மெஷினால் ஆயில் பம்ப்பைச் சுற்றுகிறார்கள். எதைப் பின்பற்றுவது?

பதில்:
ஐயா, அந்த டிரில் முறை, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் அடிமுனையே ஆயில் பம்ப்பைச் சுற்றும்படி அமைந்த அமெரிக்க வி8 எஞ்சின்களுக்கு உரியது. உங்களுடையது பிஎம்சி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின் வழிவந்தது. அதில் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ஆயில் பம்ப்புக்கும் கேம்ஷாப்டிலிருந்து தனித்தனியே இயக்கம் செல்வதால், டிஸ்ட்ரிபியூட்டர் துளையில் எதைச் சுற்றினாலும் பம்ப் அசையாது.

மெக்கானிக் சொல்வதிலும் பாதிதான் சரி. அசெம்பிளி செய்தபோது பூசிய எண்ணெய் இத்தனை காலத்தில் வடிந்து சம்ப்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) போயிருக்கும். பம்ப்பும் வறண்டிருந்தால் முதலில் காற்றைத்தான் இழுக்கும். எனவே நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது சுற்றாமல் இறுகினால் அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்; செல்ஃபின் பலத்தால் அதை உடைத்துக்கொண்டு போக முயல வேண்டாம்.

அடுத்து, ஆயில் அழுத்தம் காட்டும் கேஜின் பைப் எஞ்சின் பிளாக்கில் சேரும் இணைப்பைக் கழற்றி, இதுவரை பூச்சிமருந்து எதுவும் ஊற்றாத புதிய கைத்தெளிப்பானில் ஆயில் நிரப்பி, தகுந்த ஹோஸ் மூலம் அந்தத் துளை வழியாகவே அழுத்தி ஏற்றுங்கள். அது பிரதான ஆயில் பாதை என்பதால் மெயின் பேரிங்குகளுக்கு நேரே ஆயில் போகும். எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரைத் திறந்து, ராக்கர்களின் (வால்வுகளை அமுக்கும் நெம்புகோல்கள்) மீதும் தாராளமாக ஊற்றுங்கள். அங்கே ஆயில் கடைசியில்தான் வந்து சேரும். பிறகு கேஜ் பைப்பை மாட்டி, டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை ஆயில் இருக்கிறதா என்று பார்த்து, காயிலுக்கு வரும் ஒயரை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே பத்துப் பத்து வினாடியாக, இடையில் செல்ஃப் ஆறும்படி, கேஜ் ஊசி எழும்வரை அடியுங்கள். ஊசி எழாமல் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கவே கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. ஸ்டார்ட் ஆனவுடன் ஐடிலில் விட்டுச் சூடாக்கலாமா? எந்த ஆயில் ஊற்றுவது?

பதில்:
ஐடிலில் விடுவதுதான் புதிய கேம்ஷாப்டைக் கெடுக்கும் வழி. கேம் முகடும் டேப்பெட்டும் உரசும் இடத்துக்கு, கிராங்க் சுழற்சியில் தெறிக்கும் ஆயில்தான் பெரும்பாலும் துணை. குறைந்த வேகத்தில் அந்தத் தெறிப்பு போதாது. ஆகவே எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் 2000 ஆர்பிஎம் அளவுக்கு ரேஸ் கொடுத்து, சற்றே கூட்டிக் குறைத்து, 20 நிமிடம் ஓடவிடுங்கள்.

இதற்காகவே முதல் முயற்சியில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்படி எல்லாம் தயாராக இருக்க வேண்டும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் முடிவில், அதாவது இரு வால்வும் மூடிய நிலையில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் முதல் பிளக் ஒயரை நோக்குகிறதா, ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் தீப்பற்றும் வரிசை) 1-3-4-2 சரியா, அதே டிஸ்ட்ரிபியூட்டரில் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்ட் முகங்களில் படிந்த ஆக்சைடு துடைக்கப்பட்டதா என்று முன்பே பாருங்கள். ஆயில் 20டபிள்யூ-50 மினரல் போதும். புதிய கார்களுக்கான மெல்லிய ஆயில்களில், கேடலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காகப் பாஸ்பரஸைக் குறைத்திருக்கிறார்கள். அவை இந்த டேப்பெட்டுகளுக்கு ஏற்றவை அல்ல. சிந்தெடிக்கும் இப்போது வேண்டாம், ரிங் சிலிண்டர் சுவரோடு படியட்டும்.

இன்னொருவர்:
பெட்ரோல் பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் முழுவதும் வடித்துவிடுங்கள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால், அக்காலத்து ரப்பர் ஹோஸும் மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃப்ரமும் விரைவில் ஊறிக் கெடும். இரண்டையும் மாற்றிவிட்டே தொடங்குங்கள். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கேட்டவர்:
நீங்கள் சொன்னபடியே செய்தோம். முதலில் ஊசி அசையவே இல்லை. கேஜ் இணைப்பைச் சற்றுத் தளர்த்தியபோது நுரைத்த ஆயிலும் காற்றும் சீறி வந்து, பின் குமிழில்லாத ஆயில் வழிந்தது. முறுக்கிவிட்டு மீண்டும் அடித்ததும் ஊசி எழுந்து நின்றது. எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆனது, 20 நிமிடமும் ஓடியது. டேப்பெட் கவர் ஓரத்தில் மட்டும் ஆயில் கசிகிறது.

பதில்:
அது காய்ந்துபோன கார்க் பேக்கிங். நட்டை மேலும் முறுக்கினால் கவர் வளையும், கசிவு நிற்காது. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு கவரைக் கழற்றி, ஹெட் நட்டுகளை மேனுவல் சொல்லும் வரிசையிலும் டார்க்கிலும் மறுபடி இறுக்கி, டேப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் இடையில் உள்ளது) சரிபார்த்து, புதிய பேக்கிங் போட்டு மூடுங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் இப்போதே மாற்றிவிடுங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்து, உலோகத் துகள் மினுங்கினால் காரை எடுக்காமல் இங்கே எழுதுங்கள்.