அரைப்புள்ளி பூராம் ஆச்சிமாரா இருக்காகளே, உங்க வீட்டுல எப்படி?

கண்டனூர்க்காரன்:
இந்த வருஷம் கோயில் புள்ளி வரி நோட்டை எழுதுற வேலை எங்கிட்ட வந்துருச்சு. தம்பதியா இருந்தா ஒரு புள்ளி, ஒருத்தர் போயிட்டா அரைப்புள்ளி, நம்ம நகரத்தார் ஆளுகளுக்குத் தெரிஞ்சதுதான். புரட்டப் புரட்ட அரைப்புள்ளி எல்லாம் ஆச்சிமார் பேராவே வருது, ஐயாமாரைத் தேடித்தான் பிடிக்கணும். அந்தக் காலத்துல மாப்பிள்ளை ஏழெட்டு வயசு மூப்பு, அதனால அவுக முந்திக்கிறாகன்னு ஒரு பக்கம் வச்சுக்கிட்டாலும் அது மட்டும் இல்ல. 2016-20 கணக்குல நம்ம நாட்டுல சராசரி ஆயுசு ஆம்பளைக்கு 68.6, பொம்பளைக்கு 71.4. ஆனா 1970-75ல பொம்பளைக்குத்தான் கம்மி, 49, ஆம்பளைக்கு 50.5. பிரசவத்துல எத்தனை பேர் போயிருக்காக பாருங்க. உங்க வீட்டுக் கதையையும் போடுங்க.

தேவகோட்டைப் பொண்ணு:
எங்க ஐயாவுக்கு ஒரு ராத்திரி நெஞ்சக் கரிச்சுக்கிட்டு வேர்த்து ஊத்துது, வாயுதான்டின்னு சொல்லி மோர்ல பெருங்காயத்தைக் கலக்கச் சொல்லிக் குடிச்சுப்புட்டு பட்டாசாலைத் தூணுல சாஞ்சு உக்காந்தே இருந்தாக, விடிஞ்சு மதுரைக்குக் கொண்டுபோனா அட்டாக்கு. அப்பப் பிழைச்சாக, அடுத்தது தாங்கல. போதாததுக்குச் சுருட்டு வேற. அப்பத்தா அப்படி இல்ல, லேசாத் தலை சுத்துனாலே மஞ்சப்பையில பழைய சீட்டு அத்தனையும் எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவாக. மாசவிடாய் நிக்கிற வரைக்கும் ஈஸ்ட்ரோஜன்ங்கிற பொம்பளை ஹார்மோன் கொஞ்சம் காவலா இருக்குமாம், பொறகு பொம்பளைக்கும் ஹார்ட் பிரச்சினை ஏறும்னு டாக்டர் சொன்னாக.

செக்காலை ரோடு:
பயாலஜி வாத்தியார்ங்கிறதால ரெண்டு வார்த்தை. பொம்பளைக்கு ரெண்டு எக்ஸ் குரோமோசோம், ஒண்ணுல கோளாறுன்னா இன்னொண்ணு தாங்கிக்கும். ஆம்பளைக்கு எக்ஸ் ஒண்ணு, ஒய் ஒண்ணு, மாத்து கிடையாது. பறவையில ஆணுக்குத்தான் ஒரே மாதிரி ஜோடி, அங்க பல இனத்துல ஆணுக்கு ஆயுசு கூட! இன்னொண்ணு, பழைய கொரிய அரண்மனையில விரை எடுத்த சேவகர்களோட வம்சாவளி ஏட்டை அலசி 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, அவுக மத்த ஆம்பளைகளைவிட 14லருந்து 19 வருஷம் கூட இருந்திருக்காக. அதனால விரையில சுரக்குற டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆம்பளை ஹார்மோன் மேலயும் சந்தேகம் உண்டு. அதுக்காக யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடிராதீக.

தேவகோட்டைப் பொண்ணு:
😂 ஆயுசு கூடங்கிறீக சரி, ஆனா அப்பத்தாவுக்கு மூட்டு தேஞ்சு போச்சு, பாத்ரூம் மூணாங்கட்டுல கெடக்கு, முகப்புலருந்து அம்புட்டுத் தூரம் நடக்கணும். பழைய வீட்டுல ரெண்டாங்கட்டுலயே பாத்ரூம் கட்டுனவுக யாராச்சும் இருந்தா எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க.