மறு: இடது பெடல் மரைக்கு ஒரு சொல் (சைக்கிள் கையேடு)

அண்ணாச்சிக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

சைக்கிள் ஓட்டவும் பழுதுபார்க்கவும் நல்ல புத்தகம் எது என்று ஒருவர் கேட்கப்போய்த் தொடங்கிய இழை இது. தமிழில் ஒன்றும் சரியாக இல்லை, நாமே சின்னதாக ஒரு கையேடு எழுதிவிடலாம் என்று கிளம்பினோம். இப்போது ஒரு மரைக்குள் (மற்றத் திருகுகளுக்கு எதிராகத் திரும்பும் இடது பெடல் மரைக்குத் தமிழில் என்ன பேர் வைப்பது என்பதில்) மாட்டிக்கொண்டு நான்கு நாளாக அதே இடத்தில் சுற்றுகிறோம்.

கேட்டவரை மறந்துவிட வேண்டாம். அவருக்கு முதலில் பதில். பாளையங்கோட்டைப் பழைய புத்தகக் கடைகளில் நான் தேடிய அளவில் தமிழில் அகப்பட்டதெல்லாம் மோட்டார் சைக்கிள் புத்தகங்கள்தான். ஆங்கிலம் படிக்கத் தடையில்லை என்றால் மூன்று சொல்வேன். பழுதுபார்க்க கால்வின் ஜோன்ஸின் 'பிக் ப்ளூ புக்'. சாலையில் ஓட்டும் திறனுக்கு ஜான் ஃபாரஸ்டரின் 'எஃபெக்டிவ் சைக்கிளிங்'. சைக்கிள்காரரும் ஒரு வண்டியோட்டிதான், அப்படியே நடந்துகொள்ள வேண்டும், மற்றவர்களும் அவரை அப்படியே நடத்த வேண்டும் என்பது அவர் கட்சி. (வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் நம் பங்கை நாம் செய்துவிடலாம். மறுபாதியை பஸ்காரர்கள் படித்தால் உண்டு.) மூன்றாவது, ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981இல் கொண்டுவந்த 'தி பைசைக்கிள் வீல்'. சக்கரத்தைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம். பாரம் ஏறும்போது சக்கரத்தின் நடுக் குடத்துக்குக் கீழே நிற்கும் கம்பிகளில்தான் இழுவிசை குறைகிறது, அதனால் சக்கரம் தன் அடிக்கம்பிகளின் மேல் நிற்கிறது என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். மேல் கம்பியில் குடம் தொங்குவதாகத்தான் நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

வேறு எந்தப் பழுதுபார்ப்புப் புத்தகத்தை வாங்குவதானாலும் கடையில் நின்றபடியே பெடல் கழற்றும் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இடது பெடல் மற்றப் பக்கம் கழலும் என்று அங்கே தெளிவாகச் சொல்லியிருக்கிறதா? இல்லையென்றால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

நான் இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் கிடைத்த புதிது. செய்துங்கநல்லூர் தாண்டியதும் இடது பெடலில் கடகடவென்று சத்தம். வீட்டுக்கு வந்து கழற்ற உட்கார்ந்தேன். எல்லாத் திருகும் இடப்பக்கம் திருப்பினால்தானே கழலும்? திருப்பினேன், அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். அப்புறம் அடிபம்புக் குழாய்த் துண்டு ஒன்றை ஸ்பேனர் பிடியில் செருகி நெம்பினேன். விரல் முட்டி தோலுரிந்ததும் கிராங்கின் (பெடலைப் பூட்டுகிற கையின்) மரை போனதும் ஒரே நேரத்தில் நடந்தது. மறுநாள் கடையில் மேஸ்திரி கிராங்கைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது ரிவர்ஸ் மரைல்லா தம்பி! எந்தப் பய இப்படி மல்லுக்கட்டுனது?" பக்கத்து வீட்டு அண்ணன் என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை.

இனி சொற்களுக்கு வருவோம்.

> இடது பக்கம் இருக்கிறது, 'இடப்பக்க மரை' என்று விட்டுவிட்டால் யாருக்கும் புரியுமே.

கோவை நண்பர் சொன்னது பெடலோடு நின்றால் சரி. ஆனால் ஆங்கிலேய அளவில் மரை வெட்டிய சட்டத்தில் பிபி கப் (கிராங்கின் அச்சைத் தாங்கிச் சட்டத்தில் திருகி நிற்கும் கிண்ணம்) இருக்கிறதே, அதில் ரிவர்ஸாக இருப்பது செயின் இருக்கும் வலப்பக்கத்துக் கப். 'வலப்பக்கத்து இடப்பக்க மரை' என்று எழுதினால் கையேட்டைத் தூக்கி வாய்க்காலில் போட்டுவிடுவார்கள்.

> 'இடஞ்சுழி மரை' என்பது பாடநூல் வழக்கை ஒட்டியும் இருக்கும்.

சென்னை நண்பரின் சொல்லில் பிழை இல்லை. இறுக்குவதற்கு இடஞ்சுழியாகத்தான் திருப்ப வேண்டும். ஆனால் கையேட்டை எடுக்கிறவன் பெடலைக் கழற்ற வந்தவன். 'இடஞ்சுழி' என்று கண்டதும் இடப்பக்கம் திருப்புவான். நான் குழாய் செருகி நெம்பியதும் அதே இடஞ்சுழிதான்.

காரணத்தையும் கையேட்டில் சொல்ல வேண்டும் என்று அண்ணாச்சி எழுதியிருந்தீர்கள். ஏன் இடது பெடலுக்கு மட்டும் மரையை மாற்றி வெட்டினார்கள்? சட்டென்று தோன்றும் விடை, பால்ரஸின் இழுவை பெடல் அச்சைத் திருகிவிடும், அதைத் தடுக்கத்தான் என்பது. ஆனால் கணக்குப் பார்த்தால் விடை நேர் எதிராக வருகிறது. வலது பக்கம் நின்று பாருங்கள். கிராங்க் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. பெடல் கட்டை காலோடு மட்டமாகவே நிற்பதால், கிராங்கை வைத்துப் பார்க்கையில் கட்டை இடஞ்சுழியாகச் சுழல்கிறது. பால்ரஸ் இழுத்தால் அச்சையும் இடஞ்சுழியாகத்தான் இழுக்கும், அதாவது கழற்றும். அப்படியிருந்தும் வலது பெடலுக்குச் சாதாரண மரைதான் போட்டிருக்கிறார்கள், அது கழன்று விழுவதும் இல்லை. இழுவையை வெல்லும் வேறொன்று உள்ளே நடக்கிறது.

அது எனக்குப் பிடிபட்டது ஆச்சியின் ஆட்டுரலில்தான். பின்கட்டில் சும்மா கிடக்கிறது, கிரைண்டர் வந்தபின் அதைத் தொடுவார் இல்லை. குழவித் தலையில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தேன். கைப்பிடியை இறுக்காமல், குழி ஓரத்தை ஒட்டியே குழவியை வலமாகச் சுற்றினேன். கோடு இடமாகத் திரும்பிக்கொண்டே வந்தது. குழியைவிடக் குழவி சிறுசு. ஓரத்தைத் தொட்டபடி ஒரு பக்கமாகச் சுற்றிவரும்போது அது தன்னளவில் மறுபக்கமாக உருள்கிறது. கிராங்கின் துளைக்கும் பெடல் அச்சுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. கால் அழுத்துவது எப்போதும் கீழ்நோக்கி. கிராங்க் சுற்றச் சுற்ற அந்த அழுத்தம் துளையின் ஓரமாக இடஞ்சுழியாகச் சுற்றிவருகிறது. அச்சு குழவிபோல உருண்டு வலஞ்சுழியாக நகர்கிறது. வலது பெடல் இறுகுகிறது. இடப்பக்கம் இதெல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறுவதால் மரையையும் மாற்றி வெட்டினால்தான் இறுகும்.

இந்த நிகழ்வுக்கு 'அச்சலைவு' என்ற சொல் நம் கையேட்டின் சொற்பட்டியலில் இருக்கிறது. வானியலில் பூமியின் அச்சு ஆடுவதற்கு அது பொருந்தும். இங்கே எந்த அச்சும் அலையவில்லை. 'குழவியுருளல்' என்று வைப்போம். ஆட்டுரல் பார்த்த கண்ணுக்கு விளக்கமே வேண்டாம்.

மரைக்கு நான் முன்வைக்கும் சொல் 'இடம்புரி மரை'. பள்ளிக்கூடத்தில் திருகு அளவி படித்தவர்களுக்குப் புரிக்கோலும் புரியிடைத் தூரமும் நினைவிருக்கும். பெடல் மரை அங்குலத்துக்கு 20 புரி, அப்படியானால் புரியிடைத் தூரம் 1.27 மில்லிமீட்டர். 'புரி' என்பது பாடநூலிலேயே மரையைக் குறிக்கிற சொல். கயிற்றிலும் புரி உண்டு. கிழக்கே முப்பது மைல் போனால் சங்கு குளிக்கிற கடல். வலம்புரி ஆண்டாள் வாயிலேயே வந்த சொல், அதற்கு இணை இடம்புரி. இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கப்போகிறது? எதிர்ப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

— பாளையங்கோட்டையிலிருந்து

*

தம்பிக்கு,

குழவி நல்லா இருக்கு. அதை யார் சொன்னாலும் விட்டுடாதீரும். ஆனா இடம்புரி மரையை ஞாயிற்றுக்கிழமை ஏத்தவேண்டாம். நான் சங்குக்காரங்க வீட்டில் பெண் எடுத்தவன். இதில் கொஞ்சம் சண்டைபோட எனக்கு உரிமை இருக்கு.

மாமனார் வீட்டில் சாதாரணச் சங்கு மூட்டையாகக் கிடக்கும். அதைத்தான் இடம்புரி என்கிறோம். வலம்புரி எப்போதாவது ஒன்று வரும், வந்தால் அன்றைக்கு வீட்டில் கறிச்சோறு. இப்ப நீர் ஒரு சாதாரண இடம்புரிச் சங்கை முடி (சுருள் கூம்புகிற முனை) மேலே இருக்கும்படி நிறுத்தும். பக்கத்திலே ஒரு சாதாரண போல்ட்டையும் நிறுத்தும். போல்ட்டில் உமக்கு எதிரே தெரிகிற மரைவரி இடமிருந்து வலமாக மேலே ஏறும். சங்கின் வரியும் அப்படியேதான் ஏறும். ரெண்டும் ஒரே முறுக்கு. அதாவது நீர் 'இடம்புரி மரை' என்று பேர் வைத்தால் அது சாதாரண மரைக்குத்தான் பொருந்தும். உம்ம இடது பெடல் மரையின் முறுக்கு, பூசையறையில் பட்டு விரித்து வைத்திருக்கிற வலம்புரிச் சங்கின் முறுக்கு.

விலங்கியல் படித்த என் மச்சினன் இதை வைத்தே எங்களைக் கேலி பண்ணுவான். அவன் புத்தகத்தில் வலம்புரிக்கு இடமுறுக்குச் சங்கு என்றுதான் பேர். அவர்கள் முடியை மேலே வைத்து வாய் எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்கள். நாம் தண்ணீர் ஊற்றும் வால் பக்கத்தை மேலே வைத்துப் பார்க்கிறோம். தலைகீழாக்கினால் வாய் பக்கம் மாறித் தெரியும், ஆனால் முறுக்கு மாறாது. போல்ட்டை எந்தப் பக்கம் பிடித்தாலும் அதே மரைதானே?

வலம்புரி மரை என்று மாற்றிவைக்கலாமே என்று கேட்பீர். சரிதான், சங்குக்காரன் சந்தோஷப்படுவான். சைக்கிள்காரன் வலப்பக்கம் என்று வாசித்துக் குழம்புவான். இடம், வலம் ரெண்டுமே இந்தச் சொல்லுக்குள் வரக்கூடாது. இதுதான் என் கட்சி.

— தூத்துக்குடி அண்ணாச்சி

*

அண்ணாச்சி,

தோற்றேன். அம்மாவிடம் கேட்டுப் பூசையறைச் சங்கை வாங்கி (எங்கள் வீட்டில் இருப்பது இடம்புரிதான், அவ்வளவு வசதி இல்லை), கிராங்குப் பெட்டியிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே வரி ஏறுகிறது. பிறகு அந்தப் பழைய இடது பெடலையும் தேடி எடுத்து வைத்தேன். அதன் வரி எதிர்ப்பக்கமாக ஏறியது. சங்கில் எண்ணெய்க் கறை படிந்ததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

இடமும் வலமும் வேண்டாம் என்றால் விடை மேஸ்திரி வாயில் அன்றைக்கே இருந்தது: ரிவர்ஸ் மரை. அதையே 'எதிர்மரை' என்று எழுதிவிடலாம். பெடலுக்கும் பிபி கப்புக்கும் ஒருசேரப் பொருந்தும். வழக்கமாகத் திருப்புகிறதற்கு எதிராகத் திருப்பு என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. நேற்று அதே கடைக்குப் போய், 'எதிர்மரை' என்றால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். மேஸ்திரி பஞ்சர் ஒட்டுவதிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "லெப்ட் பெடலு" என்றார்.

கையேட்டுக்கு நான் எழுதிய பகுதி கீழே. வெட்ட வேண்டியதை வெட்டுங்கள்.

"பெடல் கழற்ற: இடது பெடல் எதிர்மரை. ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி அச்சில் மாட்டவும். பிடியைப் பின் சக்கரத்தின் பக்கம் சாய்த்தால் கழலும், முன் சக்கரத்தின் பக்கம் சாய்த்தால் இறுகும். இரண்டு பெடலுக்கும் இதே முறை. மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, முதல் மூன்று சுற்றையும் விரலாலேயே திருகவும். விரலுக்கு வரவில்லையென்றால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள்; கழற்றி மறுபடி தொடங்கவும். ஸ்பேனர் மேல் ஏறி நிற்க வேண்டாம்."

கடைசி வரி தேவையா என்று கோவை நண்பர் கேட்கக்கூடும். தேவை.

அடுத்து 'ஓவராயில்'. மொத்தச் சைக்கிளையும் பிரித்துக் கழுவிப் பூட்டுகிற வேலைக்கு நம் பக்கத்துக் கடை எல்லாவற்றிலும் இந்தச் சொல்தான். ஆங்கில 'ஓவர்ஹால்' என்பதிலிருந்து வந்து, வழியில் எண்ணெய் பூசிக்கொண்டுவிட்ட சொல். பட்டியலில் 'முழுச்சீரமைப்பு' என்று போட்டிருக்கிறது. எனக்கு அது நகராட்சி அறிவிப்பு மாதிரி ஒலிக்கிறது. 'பிரித்துப் பூட்டு' என்று சொல்லிப் பார்த்தேன், பாதி மனதுதான். தென்காசி, அம்பை பக்கத்துக் கடைகளில் வேறு ஏதாவது சொல்கிறார்களா என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் கேட்டு எழுதுங்கள்.

— பாளையங்கோட்டையிலிருந்து