லண்டன் – பாரிஸ் கடலடி ரயில்: அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி:
லண்டனில் வேலை பார்க்கிறேன். இந்தியாவிலிருந்து அம்மா விசிட்டர் விசாவில் வந்து மூன்று வாரம் ஆகிறது. பாரிஸுக்கு ரயிலில் கூட்டிப் போகலாம் என்று சொன்னதிலிருந்து "தலைக்கு மேல கடலா, நான் வரல" என்கிறார். உள்ளே போகும்போது ஏதாவது தெரியுமா, காது அடைக்குமா? அப்புறம் விமானம் இல்லையே, ரயில்தானே, விசா எல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நண்பன் சொல்கிறான். சரியா?

பதில் – ஜன்னலோரம்:
நாலைந்து தடவை போயிருக்கிறேன். கடல் என்று ஒன்றும் தெரியாது, கறுப்பு ஜன்னலில் நம் முகம்தான் தெரியும். வெளியே 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில் சுரங்கத்துக்குள் 160க்குக் குறைந்துவிடும், இருபது நிமிடத்தில் அந்தப் பக்கம் பிரான்ஸ் வயல். காது லேசாக அடைக்கலாம், எச்சில் விழுங்கினால் போதும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: குழாய் எதுவும் தண்ணீருக்குள் மிதக்கவில்லை, கடல் தரைக்கும் கீழே சுண்ணாம்புக் களிமண் பாறையைக் குடைந்து போட்டிருக்கிறார்கள். மொத்தம் 50 கிலோமீட்டர், அதில் 38 கடலுக்கடியில். போக ஒன்று, வர ஒன்று, நடுவே மூன்றாவதாக ஒரு சேவைச் சுரங்கம். ஏதாவது ஆனால் ஆட்களை அதற்குள் கொண்டுவர 375 மீட்டருக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1994லிருந்து ஓடுகிறது.

பதில் – பழைய பயணி:
அம்மாவின் பயத்தை விடுங்கள், உங்கள் நண்பரின் யோசனைதான் ஆபத்து. செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனிலேயே பிரெஞ்சு எல்லைப் போலீஸ் உட்கார்ந்திருக்கும், ரயில் ஏறும் முன்பே லண்டனில் வைத்துப் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவார்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா (பிரான்ஸ் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கட்டாயம், பிரிட்டன் விசா அங்கே செல்லாது. பாரிஸில் இறங்கினால் யாரும் எதுவும் கேட்காமல் நேராகத் தெருவுக்குப் போய்விடலாம், அதைப் பார்த்துவிட்டுத்தான் சிலர் சோதனையே இல்லை என்று கிளப்பிவிடுகிறார்கள்.

பதில் – ஜன்னலோரம்:
ஆமாம், அதை எழுத மறந்துவிட்டேன். சாப்பாடு கட்டும்போதும் பார்த்துக்கொள்ளுங்கள், பிரெக்ஸிட்டுக்கு (பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகியது) பிறகு இந்தப் பக்கத்திலிருந்து இறைச்சி, பால் பொருள் கொண்டுபோகக் கூடாது, தயிர்சாதமும் அதில் வந்துவிடும். மற்றபடி பல விமான நிலையங்களில் மாதிரி 100 மில்லிக்கு மேல் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது என்ற தொல்லை இல்லை. பயணம் இரண்டேகால் மணிதான், ஆனாலும் ஒரு மணி நேரமாவது முன்னால் போய்விடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அம்மாவிடம் ஷெங்கன் இல்லை. இங்கேயே விண்ணப்பித்துவிடலாமா?

பதில் – பழைய பயணி:
எனக்குத் தெரிந்து கஷ்டம். பொதுவாக எந்த நாட்டில் குடியிருக்கிறோமோ அங்கேதான் விண்ணப்பிக்கணும், சுற்றிப்பார்க்க வந்த இடத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என் மாமியாரைக் கூட்டி வந்தபோது நானும் இதே தப்பைச் செய்தேன், டிக்கெட் காசும் போனது. அடுத்த முறை இந்தியாவிலேயே இரண்டு விசாவையும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நல்லவேளை, இன்னும் டிக்கெட் போடவில்லை. அம்மாவிடம் சொன்னேன், அப்பாடா என்கிறார். சனிக்கிழமை கடற்கரை ஊரான டோவர் போகிறோம், வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்தே பிரான்ஸ் கரை தெரியுமாமே.