மாற்கு பெர்கேயில் பிரிந்து போனது தப்பா?

கடற்கரைப்பனை:
நேத்துப் பிரசங்கத்துல பாஸ்டர், பவுல், பர்னபா ரெண்டு பேரோடவும் முதல் ஊழியப் பயணம் போன மாற்குவை "பாதியில ஓடினவன்"னு ஒரு பிடி பிடிச்சார். எனக்கு மனசு ஒப்பலை. அப்போஸ்தலர் நடபடிகள் 13:13ல இருக்கறது இவ்வளவுதான்: சீப்புரு தீவுலேர்ந்து கடல் தாண்டிப் பெர்கே ஊருக்கு வந்ததும் பிரிஞ்சு எருசலேமுக்குத் திரும்பிட்டான். காரணம் ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் எப்படித் தீர்ப்பு?

தராசுமுள்:
15:38ஐ விட்டுட்டீங்களே அண்ணே. ஊழியத்துக்கு வராம பிரிஞ்சு போனவனை அடுத்த பயணத்துக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு பவுலே சொல்றார். சீப்புரு பர்னபாவோட சொந்தத் தீவு, அதுவரைக்கும் சொகுசு. கஷ்டமெல்லாம் பெர்கேக்கு அப்புறம்தான். மலையேறி பிசீதியா போகணும். லீஸ்திராவுல பவுலைக் கல்லெறிஞ்சு, செத்துட்டார்னு ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டாங்க. மாற்கு அப்போ எங்கே? கதவு திறக்க ரோதைன்னு ஒரு பெண் இருந்த அம்மா வீட்டுல!

கடற்கரைப்பனை:
வசதியான வீட்டுல பிறந்தது குத்தமா தம்பி? 13:2ல "பர்னபாவையும் சவுலையும்"னு வருது (சவுல்னா பவுல்தான்). பெர்கே வசனத்துல "பவுலும் அவனைச் சேர்ந்தவர்களும்". நடுவுல தலைமை கைமாறிடுச்சு. பர்னபா இவனுக்குச் சொந்தக்காரர் (கொலோசெயர் 4:10). சுருக்குனு தைச்சிருக்கும். என் ஊகம்தான்.

தராசுமுள்:
தைக்க வேண்டிய பர்னபாவே பேசாம மலையேறினார்.

மூன்றாம்மணி:
15:39ல பவுலும் பர்னபாவும் பிரியற அளவுக்கு வந்த சண்டை மாற்குவால மட்டும் வந்ததா? கலாத்தியர் 2:13 பாருங்க. அந்தியோகியாவில புறஜாதியாரோட (யூதர் அல்லாதவங்களோட) பந்தியில உக்கார்ற விஷயத்துல பர்னபாவும் பேதுரு பக்கம் சாஞ்சுட்டார்னு பவுல் எழுதறார். நடபடிகள்ல அதைப் பத்தி மூச்சே இல்லை. இன்னொண்ணு, மாற்கு சுவிசேஷத்துக்குள்ள எழுதினவர் பேரே கிடையாது. பேதுருவோட மொழிபெயர்ப்பாளர் மாற்கு எழுதினார்னு பழைய காலத்து ஆயர் பாப்பியாஸ் சொன்னதை 4ஆம் நூற்றாண்டுல சபை வரலாறு எழுதின யூசேபியஸ் எடுத்துக் காட்டறார். அவர் நாம பேசற இந்த மாற்குதான் (இவருக்கு யோவான்னும் பேர்) னு எப்படி? ரோமர்கள்ட்ட மாற்குங்கறது தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பேர்.

கடற்கரைப்பனை:
சிறையிலேர்ந்து தப்பின பேதுரு போய்த் தட்டினது இவன் அம்மா வீட்டுக் கதவைத்தான். 1 பேதுரு 5:13ல "என் குமாரனாகிய மாற்கு"ன்னும் இருக்கு.

மூன்றாம்மணி:
அந்த நிருபத்தைப் பேதுருதான் எழுதினாரான்னு தனி வழக்கே நடக்குது. அதுக்கு வேற திரி போடுங்க.

தராசுமுள்:
2 தீமோத்தேயு 4:11ல பவுலே அவனைப் "பிரயோஜனமுள்ளவன்"னு சொல்றதை நான் மறுக்கலை. ஆனா அது பின்னாடி வாங்கின சர்டிபிகேட். பெர்கே பெர்கேதான்.

கடற்கரைப்பனை:
அதை வாங்கற அளவுக்கு ஆளாக்கினது யாரு? சீப்புருவுக்குக் கூட்டிட்டுப் போன பர்னபா!

தராசுமுள்:
15:39க்கு அப்புறம் நடபடிகள்ல பர்னபா பேரே வரலை அண்ணே. சீப்புருல நடந்ததை எதை வச்சுச் சொல்றீங்க?

கடற்கரைப்பனை:
பெர்கேயைப் பத்தி நான் முதல்ல கேட்டது அதேதானே!